முதலில் அத்தைப்பாட்டியிடம் போ

போளூர்
வைகாசி 22

அன்புள்ள கண்ணுக்கு,

சின்னத் தாத்தா ஆசீர்வாதம். நானும் உன் சின்னப் பாட்டியும் சுகம். அவளுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை எல்லாம் கேட்டேன். நானும் பேசியே அனுப்பியிருப்பேன். நான் பேசினால் அதட்டுகிற மாதிரி இருக்கிறது என்கிறாள் இவள். அதனால் எழுதுகிறேன், பக்கத்து வீட்டுப் பையன் படம் பிடித்து அனுப்புவான்.

முதலில் ஒரு விஷயம். இங்கே மதியச் சாப்பாடு முடித்துத் திண்ணையில் சாயும்போது போனைப் பார்த்தால் நீ ஆன்லைனில் இருக்கிறாய். டல்லாஸில் அப்போது ராத்திரி ஒரு மணி தாண்டியிருக்கும். உன் அப்பா போனதிலிருந்துதான் இப்படி. வம்சாவளி தேடுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தூங்கிவிட்டுத் தேடு.

உன் ஆபீஸ் அம்மா கவுண்டி கோர்ட்டில் கல்யாணப் பதிவும், ஊர்க் கல்லறையில் பெயர் வெட்டிய கல்லும் பார்த்துப் பார்த்தே ஏழு தலைமுறை எடுத்துவிட்டாள் என்றாய். எடுப்பாள். அங்கே ஜனத்தொகைக் கணக்குத் தாளை 72 வருஷம் பூட்டிவைத்துவிட்டு, அப்புறம் யார் வேண்டுமானாலும் பார்க்கத் திறந்துவிடுகிறார்கள். 1950-ல் எடுத்த கணக்கு 2022-ல் திறந்தது. நம் நாட்டிலும் 1881-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை வாசலில் நின்று எழுதிக்கொண்டு போனார்கள். எத்தனை தலை என்கிற கணக்கு மட்டும் புத்தகமாக வரும். உன் எள்ளுத்தாத்தா பெயர் எழுதிய தாளை நீ கேட்டு வாங்க முடியாது. 1948 சட்டத்தில் அதற்கு இடமில்லை.

கல்லறைக்கும் வருகிறேன். நம் ஆட்களை ஏரிக்கரையில் கொளுத்தி, மறுநாள் பால் ஊற்றி, சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தவர்கள் நாம். கல் ஏது? சென்னை ராஜதானியில் இருக்கும் வெள்ளைக்காரன் கல்லறை எழுத்துகளை எல்லாம் காட்டன் என்கிற ஐ.சி.எஸ். அதிகாரி தொகுத்து 1905-லேயே புத்தகம் போட்டுவிட்டார். பழைய கல்தான் வேண்டும் என்றால் செங்கம் பக்கம் போ. பல்லவர் காலத்து நடுகல் எத்தனையோ இருக்கிறது, மாடு மீட்கப் போய்ச் செத்தவன் பெயரோடு. நாகசாமி 1972-ல் அதைப் புத்தகமாகவே கொண்டுவந்தார். பெயர் நிற்கிறது, அவன் வழியில் வந்தவர் இன்று யார் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. கல்லறைப் பதிவு ஒழுங்காக இருப்பது சர்ச்சில்தான். சேத்துப்பட்டு லூர்து மாதா கோயில் மாதிரிப் பழைய பங்குகளில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு வைப்பார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எச்சில் பரிசோதனைக்கு அனுப்பியதாகச் சொன்னாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. ட்வென்டி த்ரீ அண்ட் மீ கம்பெனியில் 2023-ல் கிட்டத்தட்ட 69 லட்சம் பேர் விவரம் திருடு போனது. 2025 மார்ச்சில் கம்பெனியே திவால் மனு போட்டது. இரண்டும் பேப்பரில் வந்த செய்தி. உன் எச்சில் உன்னுடையது மட்டும் இல்லை கண்ணு, எங்கள் எல்லோருடையதும்தான். அனுப்பியாகிவிட்டது. போகட்டும்.

நம் ஊரில் குடும்பக் கதை எங்கே கிடக்கிறது என்று கேட்டாய். நாற்பது வருஷம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவனிடம் கேட்டிருக்கிறாய், சொல்கிறேன்.

பழைய கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தால் போதும். ‘வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர், நெசவு ஜீவனம், இன்னார்’ என்றுதான் அது ஆரம்பிக்கும். அப்பன் பெயர், ஊர், தொழில் மூன்றும் ஒரே வரியில் வந்துவிடும். அப்புறம் சொத்து எப்படி வந்தது என்பதைப் பார். பிதுரார்ஜிதம் என்றால் அதற்கு முன்னால் இன்னொரு பத்திரமோ பட்டாவோ இருக்கிறது. சுயார்ஜிதம் என்றால் கதை அந்த ஆளோடு தொடங்குகிறது. எல்லாரும் படிக்காமல் தாண்டிவிடுகிற சக்குபந்தியை மட்டும் நீ விடாதே. வடக்கே யார் நிலம், கிழக்கே யார் கிணறு என்று எழுதியிருக்கும். நான்கு எல்லையில் இரண்டாவது பங்காளிகளுடையதாக இருக்கும். பிரிந்துபோன கிளை அங்கேதான் அகப்படும்.

வில்லங்கம் 1975-லிருந்து பெரும்பாலும் கம்ப்யூட்டரில் கிடைக்கும். அதற்கு முன்னால் போக வேண்டுமானால் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, கையால் எழுதிய அட்டவணையைத் தேடச் சொல்ல வேண்டும். அட்டவணை ஒன்று ஆள் பெயரில், இரண்டு சொத்துப் பெயரில் இருக்கும். நீ இரண்டில் தேடு. ஆள் பெயரில் தேடினால் தொலைந்தாய். வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று, பத்திரத்துப் பெயர் ஒன்று. ‘என்கிற’ என்று இரண்டையும் சேர்த்து எழுதிய புண்ணியவான் எவனாவது இருந்தால் உன் அதிர்ஷ்டம்.

ஜில்லா பெயரையும் நம்பாதே. 1911-ல் சித்தூரைப் பிரித்தார்கள். 1989-ல் வட ஆற்காடே இரண்டாகி நாம் திருவண்ணாமலைக்கு வந்தோம். 2019-ல் மிச்சமிருந்த வேலூரை மூன்றாக்கினார்கள். நம் தாலுகாவில் இருந்த கலசப்பாக்கமும் இன்று தனித் தாலுகா. கிராமம் இருந்த இடத்திலேயே இருக்கும், காகிதம்தான் ஊர் ஊராகப் போயிருக்கும். 1980-ல் எம்.ஜி.ஆர். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் வேலையை எடுத்தபோது கணக்குப் புத்தகம் எல்லாம் கை மாறியது. எது தாலுகா ஆபீசுக்குப் போனது, எது பரணில் தங்கியது என்பது ஊருக்கு ஊர் வேறு.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது: மொய் நோட்டு. ஊர், பெயர், தொகை, அவ்வளவுதான் எழுதியிருக்கும். ஆனால் ஒரு கல்யாணத்துக்கு எந்தெந்த ஊரிலிருந்து யார் யார் வந்தார்கள் என்பதை அதைவிடச் சுத்தமாக எந்த சர்க்கார் ஆபீசும் எழுதியதில்லை. உன் தாத்தா கல்யாண நோட்டு என்னிடம் இருக்கிறது. முதல் பக்க மூலையில் பிள்ளையார் சுழி, அதன் மேல் மஞ்சள் கறை. தாய்மாமன் மொய் முதல் வரி. ஒன்றேகால், இரண்டேகால் என்று போகிறது. ஒரே ஒருவர் ஐம்பத்தொன்று எழுதியிருக்கிறார், அவர் யார் என்று இன்றுவரை இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். கோயிலில் தலைக்கட்டு வரி நோட்டும் உண்டு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. பெண் தலைக்கட்டு இல்லை.

நான் சொல்ல வருவதும் அதுதான். நீ அனுப்பிய மரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆறு தலைமுறை ஆம்பிளைகள் வரிசையாக நிற்கிறார்கள். பக்கத்தில் ‘மனைவி’, ‘மனைவி’, ‘மகள் 1’, ‘மகள் 2’. மகள் 1 யார் தெரியுமா? என் அக்கா, உன் அத்தைப்பாட்டி. ஆரணியில் உயிரோடு இருக்கிறாள்.

உனக்குப் பாதி தெரியும், மீதியை உன் தாத்தா சொல்லியிருக்க மாட்டார். போனவரைக் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன். அக்கா வாக்கப்பட்டுப் போகிற வரைக்கும் இரண்டு தறிக்கும் தார் சுற்றியது அவள்தான். விடியற்காலம் விளக்கு வைத்துக்கொண்டு சுற்றுவாள். நாங்கள் குழியில் இறங்கும்போது தார் நிறைந்த கூடை தயாராக இருக்கும். அந்தத் தறிக் கூலியில்தான் எங்கள் அப்பா கிணற்று நிலத்தை வாங்கினார். அப்பா 1985-ல் போனார், உயில் இல்லை. அவர் சொந்த சம்பாத்தியத்தில் மகனுக்கு உள்ளது மகளுக்கும் உண்டு என்று 1956 வாரிசுச் சட்டமே சொல்கிறது. அதனால்தான் அவளைக் கூப்பிட்டு விடுதலைப் பத்திரம் எழுதச் சொன்னார்கள். அண்ணன் என்னைத்தான் எழுதச் சொன்னார். மாட்டேன் என்றேன். அடுத்த மேஜையில் எழுதிக்கொண்டார்கள்.

அந்த நகலை நீ வரும்போது காட்டுகிறேன். ‘சகோதரர் மேல் உள்ள அன்பினாலும் அபிமானத்தினாலும்’ தன் பாத்தியதையை விட்டுக் கொடுத்ததாக எழுதியிருக்கிறது. கீழே கைநாட்டு. ஐந்தாவது வரை படித்தவள், முத்து முத்தாகக் கையெழுத்துப் போடுவாள். நேரமாகிவிட்டது, ரேகை போதும் என்றார்களாம். பங்குக்குப் பதிலாக ஒரு பட்டுப்புடவை கொடுத்தார்கள், அதுவும் நாங்கள் நெய்ததே. 1989 மார்ச் 25 முதல் செல்லும் என்று தமிழ்நாட்டில் பெண்ணுக்குச் சமபங்குச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமான பெண்ணுக்கு அதில் ஒன்றும் இல்லை. 2005-ல் டெல்லிச் சட்டம் வந்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவான பாகப்பிரிவினையை அது தொடாது. 2020-ல் அதன் மேல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் அவளுக்குப் பொருந்துமா என்று பார்த்தேன். பொருந்தவில்லை.

பத்து நூற்றாண்டுக்கு முன்னால் ராஜராஜன் அக்கா குந்தவை கட்டிய ஜினாலயம் இங்கேயிருந்து ஆரணி போகிற வழியில் திருமலையில் நிற்கிறது, அவள் பெயரோடு. ராஜா வீட்டுப் பெண், கல்லில் வந்துவிட்டது. தார் சுற்றியவளுக்கு ரேகைதான்.

தன் முன்னோர் போளூரிலிருந்து கப்பல் ஏறியவர், நமக்குப் பங்காளி என்கிற அந்த டர்பன்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான். 1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து போனதில் ஆரம்பித்து 1911 வரை நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டம் முதலான வேலைக்குப் போனவர்கள் 1,52,184 பேர். 1866-ல் நின்றுபோனது 1874-ல் மறுபடி தொடங்கியது. இரண்டு வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம். வட ஆற்காட்டு ஜனம் கூட்டம் கூட்டமாகப் போயிற்று. கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஒரு நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதிவைத்தான். பெண்ணுக்கும் தனி நம்பர். கூலிக்கு ஆள் பிடித்தவன் செய்த அந்த ஒரு காரியத்தை நம் பத்திரம் செய்யவில்லை, பார். ஆனால் தாலுகா ‘போளூர்’ என்று இருப்பதால் மட்டும் அவர் நமக்குப் பங்காளி ஆகிவிட மாட்டார். அந்தக் காலத்துப் போளூர் தாலுகா எத்தனை பெரிசு!

ஆக, ஆடி மாதம் வரும்போது எதில் தொடங்குவது என்பது உன் இஷ்டம். கப்பல் பட்டியலில் தொடங்கலாம், படவேட்டுக்குப் போய் ரேணுகாம்பாளைக் கும்பிட்டுப் பங்காளிகளைப் பிடிக்கலாம், நேராக அத்தைப்பாட்டி வீட்டுக்கும் போகலாம். கப்பல் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, எங்கேயும் ஓடாது. ரேணுகாம்பாளும் அங்கேயேதான் இருப்பாள். அக்காவுக்குச் சென்ற மாதம் இரண்டு நாள் யாரையும் அடையாளம் தெரியவில்லை. இப்போது தேவலை. எங்கள் ஆத்தா, அவள் ஆத்தா, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வந்தார்கள், யாருக்கு எத்தனை பிள்ளை தங்காமல் போனது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு பத்திரத்திலும் அது இல்லை. உன் இஷ்டம்தான், நான் தலையிடவில்லை.

பத்திர ஆபீசில் மட்டும் நீயாகப் போய் மனுப் போடாதே. கிணற்று நிலத்தை மனை போட அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து வில்லங்கம் எடுக்கிறாள் என்று காதில் விழுந்தால் பங்கு கேட்க வந்திருக்கிறாள் என்றுதான் பேசுவார்கள். அப்பா இல்லாத பெண் என்று வாய்க்கு வந்ததையும் சொல்வார்கள். அதை நீ கேட்கக் கூடாது. என்ன வேண்டுமோ எனக்கு எழுது, என் பெயரில் மனுப் போட்டு எடுத்துத் தருகிறேன். என்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் எனக்குப் பழக்கம்.

நீளமாக எழுதிவிட்டேன். கோபித்துக்கொண்டாயா? உன் மரத்தைக் குறை சொன்னேனே தவிர, இத்தனை பேரில் இதையெல்லாம் கேட்க உனக்குத்தான் தோன்றியது என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பென்ஷன்காரர் சங்கத்தில்கூட. ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்புகிறேன், பஸ்ஸில் வராதே. மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று, ஏ.சி. போட ஆளைக் கேட்டிருக்கிறேன். மல்லாட்டை உருண்டை உனக்குப் பிடிக்கும் என்று இப்போதே மல்லாட்டை வாங்கி வைத்திருக்கிறாள் இவள். நீ வருவதற்குள் நானே தின்று தீர்த்துவிடுவேன் என்று பூட்டியும் வைத்திருக்கிறாள். உனக்கு எது சரியென்று படுகிறதோ அப்படியே செய். நீ என்ன செய்தாலும் எங்கள் தங்கம்தான். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு
அன்புள்ள
சின்னத் தாத்தா

பி.கு.: டர்பன்காரரிடம் அந்தப் பட்டியலில் கிராமத்துப் பெயர் எழுதியிருக்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல். இங்கிலீஷில் எப்படிக் குதறியிருந்தாலும் பார்த்தால் எந்த ஊர் என்று சொல்லிவிடுவேன். அதுவும் நீ ஆரணி போய் வந்த பிறகு.