படித்துவிட்டு வரச் சொல்லாதீர்கள்

முதல் தடவை ஆரம்பித்த வாசகர் வட்டம் நான்கே மாதத்தில் நின்றுபோனது. மாதம் ஒரு நாவல், எல்லாரும் படித்துவிட்டு வர வேண்டும் என்று வைத்திருந்தேன். முதல் கூட்டத்துக்குப் பதினாறு பேர், நான்காவதுக்கு மூன்று பேர். வராதவர்களைப் போய்ப் பார்த்தேன். "பாதிதான் படிச்சேன் சார், எப்படி வந்து உட்கார்றது?" என்றார்கள். ஆசையாக வந்தவர்களை நானே கூச்சப்படுத்தி அனுப்பியிருக்கிறேன். அது இன்னும் எனக்கு வருத்தம்தான்.

இரண்டாம் முறை வீட்டு மொட்டை மாடியை விட்டுவிட்டுக் கிளை நூலகத்துக்குப் போனேன். பல நூலகங்களில் வாசகர் வட்டம் பெயரளவிலாவது இருக்கும். நூலகரிடம் கேளுங்கள். தயங்க வேண்டாம். 1948-லேயே நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது. பொது இடம் என்பதால், முன்பின் தெரியாத வீட்டுக்கு வரத் தயங்கிய பெண்களும் வந்தார்கள். மாலை ஆறு மணி அவர்களுக்குத் தோதுப்படாது என்றார்கள். ஞாயிறு மூன்று மணி என்று மாற்றினோம்.

முக்கியமான மாற்றம் வேறு. யாரும் படித்துவிட்டு வர வேண்டாம், ஒரு சிறுகதையை அங்கேயே வாய்விட்டுப் படிப்போம் என்றேன். ஆளுக்கு ஒரு பக்கம். புதுமைப்பித்தன் எழுத்துகள் 2002-ல் நாட்டுடைமை ஆகிவிட்டன. கு.ப.ரா. மறைந்தது 1944-ல், அவர் கதைகளுக்கும் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. தாராளமாக ஜெராக்ஸ் எடுக்கலாம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி எடுங்கள், பெரியவர்களுக்கு உதவும்.

முதலில் எடுத்தது கு.ப.ரா.வின் 'விடியுமா'. கணவனின் உடல்நிலை பற்றித் தந்தி வந்து, ஒரு பெண் ராத்திரி ரயிலில் சென்னைக்குப் போகிற கதை. படித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. அந்த அமைதியைக் கலைக்காமல் இருக்கப் பழகுங்கள். நான் முன்பெல்லாம் உடனே விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கடைசி பெஞ்சில் இருந்த பெரியவர் பேசினார். தபால் ஆபீஸில் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தவராம். "நல்ல சேதின்னா தெருமுனையிலேயே 'பயப்படாதீங்கம்மா'ன்னு குரல் கொடுத்துடுவேன். இல்லேன்னா பயந்துபோய்க் கையே நீட்ட மாட்டாங்க. சாவுத் தந்தின்னா என்ன சொல்றது? சும்மா போய் நிப்பேன். நான் பேசாம நிக்கறதைப் பார்த்தே அழுதுடுவாங்க." கையிலிருந்த தாளை நான்காக, எட்டாக மடித்துக்கொண்டே சொன்னார். தந்தி சேவை 2013-ல் நின்றுவிட்டது. அங்கிருந்த கல்லூரிப் பிள்ளைகள் தந்தித் தாளைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்த ரயில் பயணம் ஏன் அத்தனை நீளம் என்று அன்று அவர்களுக்குப் புரிந்தது. நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இது நடந்திருக்காது.

மற்றவை சின்ன விஷயங்கள். மேடை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம். நான்கு பேர் வந்தாலும் கூட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் தேதியும் கதைப் பெயரும் மட்டும் போதும். படிக்கக் கூச்சப்படுகிறவரை வற்புறுத்தாமல் தாளை அடுத்தவரிடம் நகர்த்துங்கள். தையல் வேலை செய்யும் ஒரு அக்கா ஐந்து மாதம் அப்படித்தான் தாளை நகர்த்திக்கொண்டிருந்தார். போன ஞாயிறு புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' எடுத்தோம். தாள் அவரிடம் போனது. நகர்த்தவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலை வரியில் வைத்து, ஆரம்பித்தார்.