யவனர் தேறல்

ஒரு நாட்டாருடைய மொழியையும் சமயத்தையும் அரசியலையும் நூல்வாயிலாகக் கற்றுக்கொள்ளலாம். அவர் அடிசிலின் இயல்போ, அதன் பொருள்கள் பிறநாட்டிற்குச் சென்று சேர்ந்தவிடத்தே தான் நன்கு விளங்கும். இத்தாலிய உணவும் கொடிமுந்திரி மதுவும் நம் பெருநகர் விடுதிகளில் நேற்று வந்த புதுமைகளாக இன்று பலராலும் கருதப்படுகின்றன. ஆயின் அம்மது ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழ்நாட்டுக் கடற்றுறைகளில் வந்து இறங்கிற்று. தமிழ்வேந்தரின் பொற்கிண்ணத்தில் நிறைந்தது. இதற்குச் சான்று இரண்டு உள. ஒன்று பாட்டு, மற்றொன்று மண்ணிற் புதைந்த ஓடு. இவ்விரண்டும் தம்முள் ஒத்துரைப்பன யாவை, தனித்துரைப்பன யாவை என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1. பாட்டின் சான்று

புறநானூற்று ஐம்பத்தாறாம் பாட்டு, மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடியது. புலவர் அம்மன்னனைத் தெய்வங்கள் நால்வரோடு உவமித்து, இறுதியில் அவன் ஞாயிறும் திங்களும் போல நிலைபெறுக என வாழ்த்துகின்றார். இடையில், யவனர் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தி ஊட்ட, நாடோறும் மகிழ்ந்திருப்பாயாக என்கின்றார்.

தமிழ் பயிலும் நாம் இங்கே ஒரு சொல்லின்மேற் சிறிது நிற்றல் வேண்டும். இச்சிறு பகுதியுள் 'கலம்' என்னும் சொல் மும்முறை வருகின்றது. முதற்கண் அது அணிகலம். இரவலர்க்கு மன்னன் வாரி வழங்குவது. மூன்றாவது கலம் மது உண்ணும் பொற்கிண்ணம். இடைநின்ற கலம் யாது? கப்பல் எனக் கொள்வாரும் உளர். பழைய உரைகாரர் குப்பி என்றே பொருள் கூறினார். முதலிலும் இறுதியிலும் நிற்கும் கலங்கள் கையிற் கொள்ளும் பொருள்களேயாதலின், இடைநின்றதும் அவ்வினத்தது ஆதலே ஓட்டத்திற்குப் பொருந்தும் என்பது எம் கருத்து. இக்கருத்தை மண்ணின் சான்று வலியுறுத்துமாறு பின்னர்க் காண்பாம்.

இனி, 'தேறல்' என்பது தேறுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. கசடு கீழே படிய மேலே தெளிந்து நிற்பது என்பது பொருள். இன்று நாம் வழங்கும் திராட்சை என்னும் பெயர் வடசொல்வழி வந்தது. தமிழ் வேதாகமமும் 'திராட்சரசம்' என்றே வழங்கும். நக்கீரரோ புதுப்பெயர் ஒன்றனைக் கடன்வாங்கவில்லை. தம் நாட்டார் தெளிந்த கள்ளுக்கு இட்ட பெயரையே அயல்நாட்டு மதுவுக்கும் இட்டு, 'யவனர்' என்பதனால் அதனை வேறுபடுத்தினார்.

தமிழர் தம் மதுவை ஆக்கிய முறையைக் காஞ்சித் தலைவன் தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையிற் காணலாம். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, முளை இடித்த மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வலிய வாயையுடைய சாடியில் முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பர். ஆற்றுப்படுத்தப்பட்ட பாணர்க்கு இதனைச் சுட்ட மீனோடு தருவோர் வலைஞர் குடியினர். ஆகவே தமிழ்நாட்டில் மது அரிசியினின்றும் பிறந்தது. யவனர் மதுவோ கொடிமுந்திரிப் பழத்தினின்றும் பிறந்தது. பொருள் வேறு, பெயர் ஒன்று.

2. இத்தாலியர் அடிசில்

யவனர் என்ற பெயர் முதலில் கிரேக்கரையும், பின்னர் உரோமப் பேரரசின் குடிகளையும் ஒருங்கே குறித்தது. ஆதலின் யவனர் தேறல் முழுவதும் இத்தாலியத் தேறலே எனல் பிழையாகும். ஆயினும் கி. பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் செங்கடற் செலவு நூல், மேலைக்கரைத் துறையாகிய பரிகச்சத்தில் இறக்குமதியான மதுவகைகளைச் சொல்லுங்கால், இத்தாலிய மதுவே மிக விரும்பப்பட்டது என்றும், இலவோதிக்கேய மதுவும் அரபு மதுவும் அதற்கு அடுத்தவை என்றும் குறிக்கின்றது.

அந்நாளைய இத்தாலியர் மேசையில் இன்று நாம் இத்தாலிய உணவென்று எண்ணுவன பல இல்லை. தக்காளி அமெரிக்கக் கண்டத்தது. 1492-க்குப் பின்னரே ஐரோப்பாவை அடைந்தது. நம் மிளகாயும் அவ்வாறு வந்ததே. தக்காளியில்லாத இத்தாலியரும் மிளகாயில்லாத தமிழரும் ஒரு காலத்தவர் என்பதை நினைவிற் கொள்க. கோதுமை அப்பம், ஒலிவக்காயும் அதன் எண்ணெயும், பாற்கட்டி, அவரையினம், முட்டைக்கோசு, மீன் என்பன அவர்தம் உணவு. மீனின் குடலையும் சிறு மீன்களையும் உப்பிட்டு வெயிலிற் பலநாள் வைத்து எடுத்த 'காரும்' என்னும் மீன்சாறு, நம் இல்லங்களிற் புளி நிற்பதுபோல் அவர்தம் அட்டிலில் நின்றது.

மதுவை அவர் நீர் கலந்தே உண்டனர். கலவாது உண்பவன் நாகரிகமில்லாதவன் எனப்பட்டான். உணவின் தொடக்கத்தில் தேன் கலந்த மதுவும் உண்டு. கம்பானியா நாட்டு எல்லையில் விளைந்த பலேர்னிய மது அவருட் புகழ்பெற்றது. கி. மு. 149-இல் மறைந்த காத்தோ என்பவர் தம் உழவு நூலில், கோசுத் தீவின் மதுவைப்போல் இத்தாலியிலேயே ஆக்கும் முறையைக் கூறுகின்றார். அதில் கடல்நீர் சேர்க்கப்படும். உப்புக் கலந்த மது எளிதிற் கெடாது. நெடுந்தூரக் கடற்செலவுக்கு ஏற்றது. தமிழகத்துக்கு வந்த மதுவுள் இவ்வகை மிகுதி என்பதை ஓடுகளே அறிவிக்கும்.

3. வந்த வழி

மது வந்த சாடிக்கு 'ஆம்போரா' என்பது பெயர். இருபுறமும் கைப்பிடி, குறுகிய கழுத்து, கூர்ந்த அடி என்பன அதன் உறுப்புக்கள். ஒரு சாடி ஏறத்தாழ 26 லிட்டர் கொள்ளும். மது கசியாதபடி உட்புறத்தே மரப்பிசின் பூசுவர். கூர்ந்த அடியினால் அது தரையில் நில்லாது. ஆயின் கப்பலின் வயிற்றில் ஒன்றன் தோள்களுக்கிடையே மற்றொன்றன் அடியைச் செருகி அடுக்குக்கு மேல் அடுக்காக வைத்தற்கு அதுவே ஏற்ற வடிவம்.

இத்தாலியத் துறையினின்றும் புறப்பட்ட சாடி, எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் இறங்கி, நைல் ஆற்றின்வழி கொப்தோசு நகரை அடையும். ஆண்டிருந்து செங்கடற்கரைப் பெரனிகே துறைக்கு ஒட்டகத்தின்மேற் பன்னிரண்டு நாள் வழி என்பர் பிளினி. நடுக்கோடையிற் பாய்விரித்துச் செங்கடலைக் கடந்து, அதன் வாயிலிலுள்ள ஒசேலிசை விட்டபின், பருவக்காற்றின் துணையால் நாற்பது நாளில் முசிறியை அடையலாம் என்றும் அவர் எழுதினார். இத்துணைத் தொலை கடந்த மது எளியார்க்கு எட்டுமோ? முசிறியில் மது வந்தது, ஆயின் மிகுதியாக அன்று என்று பெரிப்ளூஸ் கூறுதல், அரசன் கிண்ணத்தில் மட்டும் அதனைக் காட்டும் பாட்டோடு ஒத்திருத்தல் காண்க.

4. ஓட்டின் சான்று

உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டது 1894-ஆம் ஆண்டு. அதன்பின் அரை நூற்றாண்டு வரை, யவனர் தேறலுக்குத் தமிழ் மண்ணினின்று வெளிப்பட்ட சான்று பெரிதாக இல்லை. 1945-இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்தார். இத்தாலி நாட்டு அரெச்சோ நகரிற் செய்த சிவந்த மெருகுடைய உண்கலங்களின் ஓடுகள் ஆண்டுக் கிடைத்தன. அக்கலங்கள் செய்யப்பட்ட காலம் ஐரோப்பாவில் நன்கு அறியப்பட்டிருந்தமையின், அவற்றைக்கொண்டு அம்மண்ணடுக்கின் காலத்தை வீலர் வரையறுத்தார். தென்னாட்டுத் தொல்பொருட் காலக்கணக்கிற்கு உறுதியான ஊன்றுகோல் ஒன்று, இத்தாலியர் உணவுண்ட தட்டினின்றும் கிடைத்தது என்க.

அங்கேயே ஆம்போரா ஓடுகளும் பல கிடைத்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மீண்டும் அகழ்ந்தார். எலிசபெத் வில் அச்சாடிகளின் வகைகளை ஆராய்ந்தார். கோசுத் தீவின் சாடிகளும், அவற்றைப் பார்த்து இத்தாலியில் வனைந்தனவும், பிற கிரேக்கத் தீவினவும் அவற்றுள் உண்டு. மதுச்சாடிகளேயன்றி ஒலிவ எண்ணெயும் மீன்சாறும் வந்த சாடிகளின் ஓடுகளும் கண்டறியப்பட்டன. எண்ணெயும் மீன்சாறும் தமிழர் விரும்பிக் கேட்டன என்பதற்குப் பாட்டில் சான்று கண்டிலம். ஆதலின் அவை இத்துறையில் தங்கிய யவனர் தம் அடிசிலுக்கென வருவித்தன என ஊகித்தல் பொருந்தும். தாய்நாட்டை விட்டு வந்தவன் முதலில் தேடுவது தன் வீட்டுச் சுவையையே அன்றோ!

2007 முதல் கேரளப் பட்டணம் என்னும் ஊரில் நிகழ்ந்த அகழ்வுகளிலும் ஆம்போரா ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றுட் சிலவற்றின் மண்ணில் கரிய எரிமலை மணல் கலந்துள்ளது. அது வெசூவியசு மலையைச் சூழ்ந்த கம்பானியா நாட்டுக் களிமண்ணின் அடையாளம். சாடியின்மேல் எழுத்தில்லாவிடினும் அதன் மண்ணே ஊர் சொல்லும்.

எம் வட்டாரத்துக்கு அணித்தான சான்றும் ஒன்று உண்டு. காஞ்சிக்குக் கிழக்கே வாலாஜாபாத்தை ஒட்டி ஓடும் பாலாறு, செங்கற்பட்டைக் கடந்து கடலிற் கலக்கும் இடத்தருகே வசவசமுத்திரம் என்னும் சிற்றூர் உளது. 1970-ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் ஆங்கு அகழ்ந்தபோது உறைகிணறும் செங்கல் தொட்டிகளும் ஆம்போரா வகைச் சாடியோடுகளும் வெளிப்பட்டன. இன்று ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் எம் ஆற்றின் முகத்துவாரம் ஒருகாலத்தில் அயல்நாட்டுப் பண்டம் வந்திறங்கிய இடம் என்பதை வாலாஜாபாத்து மாணவர் அறிதல் வேண்டும்.

ஆயினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. கூர்ந்த அடியுடைய சாடி யாவும் இத்தாலியச் சாடியாகா. இந்திய அகழிடங்கள் பலவற்றில் உரோமச் சாடி என முன்னர்க் குறிக்கப்பட்ட ஓடுகளுட் சில, மெசபொத்தாமியா நாட்டினின்றும் பிற்காலத்தில் வந்தவை என்று ரொபேர்த்தா தொம்பர் காட்டினார். உரோமச் சாடியின் உட்புறம் மரப்பிசின். இவற்றின் உட்புறம் நிலக்கீல். பாட்டிற்குப் பாடபேதம் பார்ப்பதுபோல் ஓட்டிற்கும் பார்த்தல் வேண்டும். விரும்பிய பொருளை ஓட்டின்மேல் ஏற்றிக் கூறுதல், ஏட்டில் இல்லாத சொல்லைப் பாட்டிற் புகுத்துதலை ஒக்கும்.

5. சென்ற மிளகு

வந்ததைக் கூறிச் சென்றதைக் கூறாவிடின் கணக்கு நிரம்பாது. அகநானூற்று நூற்றுநாற்பத்தொன்பதாம் பாட்டு, யவனர் கலம் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு மீண்டமையைச் சொல்லும். இனிமையும் அழகும் இல்லாத மிளகை அதன் காரத்துக்காகவே மக்கள் விரும்புதலைக் கண்டு பிளினி வியந்தார். இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செசுத்தர் நாணயத்தை ஈர்த்துக்கொள்ளுகின்றது என்று முறையிடவும் செய்தார். அப்பீசியுசு என்பார் பெயரால் வழங்கும் உரோமச் சமையல் நூலிற் பெரும்பாலான கறிகளில் மிளகு சேரும். பெரனிகே துறையில் ஒரு கோயில் முற்றத்தில் இந்தியப் பெருஞ்சாடி ஒன்று ஏறத்தாழ 7.5 கிலோ மிளகோடு கண்டெடுக்கப்பட்டது.

இலத்தீன் 'பிப்பெர்' என்பதும் அதன்வழி வந்த இத்தாலிய 'பெப்பே' என்பதும் வடமொழிப் பிப்பலியின் திரிபுகள். அப்பிப்பலியே நம் திப்பிலி. இன்றும் உரோம நகரத்தார் ஆட்டுப்பாற் கட்டியும் மிளகுமே கொண்டு சமைக்கும் எளிய மாவுணவு ஒன்றனைக் 'காச்சோ எ பெப்பே' என்று வழங்கித் தம் நாட்டு மரபுணவாகப் போற்றுகின்றனர். நம் மிளகு அவர்க்கு மரபாயிற்று. அவர் மது நமக்குப் பாட்டாயிற்று.

6. முடிவு

இனி, முன்னர் நிறுத்திய வினாவுக்கு வருவாம். மண்ணிற் கிடைப்பது சாடி. ஆதலின் கலத்தைக் குப்பி என்ற உரைகாரர் கூற்று வலிபெறுகின்றது. அச்சாடியின் வடிவோ கப்பலுக்கென்றே வகுக்கப்பட்டது. ஆதலின் கப்பல் என்பார் கருதியதும் அதனுள் அடங்குகின்றது. இதுவரை பாட்டும் ஓடும் ஒத்துரைக்கின்றன.

ஓடு சொல்லாது பாட்டு மட்டும் சொல்லுவது ஒன்று உண்டு. நக்கீரர் மன்னனை நோக்கி முதலிற் சொன்னது மதுவை அன்று. இரவலர்க்கு அருங்கலம் குறைவின்றி வழங்குக என்பதையே. அதன் பின்னரே யவனர் தேறலை உண்டு மகிழ்க என்றார். முதற்கலம் பிறர்க்கு, மூன்றாங்கலம் தனக்கு. கடல்கடந்து வந்த அரும்பொருளை அரசன் நுகர்தலைப் புலவர் இகழவில்லை. கொடையின் பின்னதாக அதனை வைத்தார். அரிசிக் களியைத் துழாவி மது வடித்த வலைஞரும் வழிப்போக்கராகிய பாணர்க்கு அதனை மீனோடு அளித்தவரே. பொற்கிண்ணத்து இத்தாலியத் தேறலும் மண்சாடியின் அரிசி மதுவும் சுவையால் வேறாயினும், ஈந்து உண்ணுதல் என்னும் ஒரு நெறியால் தமிழ்ப்பாட்டில் ஒருங்கே நிற்கின்றன.

அரெச்சோ நகரத்தார் தட்டின் ஓடும் கம்பானிய நாட்டார் சாடியின் ஓடும் இன்னும் நம் கடற்கரை மணலின்கீழ்ப் பல கிடக்கலாம். அவற்றைத் தோண்டுவோர் தோண்டுக. தமிழ் கற்கும் நாம், பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் அத்தகைய பொறுமையோடு தோண்டிக் காண்போமாக.