கடைசி இரண்டு ஆண்டுகள்: மூத்த மாணவரும் புதிய உஸ்தாதும்



ஷஅபானில் மதரஸாக்கள் விடுமுறை விட்டதும் நம் பிள்ளைகள் பெட்டியும் பாயுமாக ஊர் வந்து சேருகிறார்கள். ரமளானில் தராவீஹ் தொழவைக்க ஓரிருவர் வெளியூர் போவார்கள். மற்றவர்கள் வீட்டில் இருப்பார்கள். இந்தச் சமயத்தில்தான் பெற்றோர் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்து ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். "அஞ்சு வருஷம் ஓதிட்டான். தொழவைக்கத் தெரியுது, பயானும் பண்றான். மீதி ரெண்டு வருஷம் எதுக்கு? கடையில உக்காந்தா குடும்பத்துக்கு ஆகுமே." வறுமையில் கேட்கிற கேள்வி இது. அதை யாரும் குறைவாக எண்ண வேண்டாம்.

அதே சமயத்தில் வேறு சிலர் வேறொரு குறையோடு வருகிறார்கள். மக்தபுக்குப் புதிதாக வந்த உஸ்தாத் சின்ன வயதுக்காரராக இருக்கிறார், பிள்ளைகளை அடக்கத் தெரியவில்லை, ஒரே நாளில் ஒரு பக்கம் ஓதச் சொல்கிறார், வேறு ஆளைப் பாருங்கள் என்கிறார்கள். இந்த இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள் என்பது என் எண்ணம்.

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவோம். முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள் மதீனாவின் அன்ஸாரிகளில் ஓர் இளைஞர். இஷாத் தொழுகையை நபி (ஸல்) அவர்களுக்குப் பின்னால் நின்று தொழுதுவிட்டுத் தம் மக்களிடம் திரும்பிப் போய், அங்கே இமாமாக நின்று தொழவைப்பார்கள். ஒரே இரவில் முதலில் மாணவர், அடுத்து உஸ்தாத். (இதில் ஃபிக்ஹ் இமாம்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை உங்கள் ஹஜ்ரத்மார்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே நம் பேச்சு அதுவல்ல.)

ஓர் இரவு தொழுகையில் அவர்கள் சூரத்துல் பகராவைத் தொடங்கிவிட்டார்கள். நீர் இறைக்கும் ஒட்டகங்கள் இரண்டோடு பகல் முழுதும் பாடுபட்ட ஒரு மனிதர் வந்து பின்னால் நின்றார். ஓதல் முடிகிற வழியாக இல்லை. அவர் விலகித் தனியே தொழுதுவிட்டுப் போய்விட்டார். முஆத் (ரலி) அவர்கள் அவரைப் பற்றிக் கடுமையாகப் பேசியது அவர் காதுக்கு எட்டியது. அவர் நேரே நபி (ஸல்) அவர்களிடம் போய் முறையிட்டார். நபி (ஸல்) அவர்கள் முஆதை அழைத்து, நீர் மக்களைச் சோதனையில் தள்ளுகிறவரா என்று மூன்று முறை கேட்டார்கள். பிறகு ஸப்பிஹிஸ்ம, வஷ்ஷம்ஸி, வல்லைலி போன்ற சூராக்களை ஓதலாமே என்று பெயர் சொல்லிக் காட்டினார்கள். உமக்குப் பின்னால் முதியவரும் பலவீனரும் வேலை உள்ளவரும் நிற்கிறார்கள் என்று காரணமும் சொன்னார்கள்.

இதைப் பயான்களில் பலமுறை கேட்டிருப்போம், பெரும்பாலும் தொழுகையைச் சுருக்குவது பற்றிய பாடமாக. உஸ்தாதாகும் கலை பற்றிய பாடமாகவும் இதைப் படிக்கலாம். முஆதிடம் இல்மு குறைவாக இல்லை. ஹலால் ஹராமை நன்கு அறிந்தவர் என்று நபி (ஸல்) அவர்களே பாராட்டிய ஸஹாபி அவர். தாம் பெற்றதையெல்லாம் ஒரே இரவில் எதிரில் நிற்பவர் மேல் ஊற்றிவிட்டதுதான் பிழை. புதிதாக ஓதிக் கொடுக்க வருகிற எவருக்கும் பொதுவாக வருகிற பிழை இதுவே. நபி (ஸல்) அவர்கள் திருத்திய முறையையும் கவனியுங்கள். இமாமத்திலிருந்து விலக்கவில்லை. கண்டித்தார்கள், கண்டிப்போடு நிறுத்தாமல் எந்தெந்த சூரா என்று கையில் கொடுத்தார்கள். பின்னாளில் அவரையே யமன் நாட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். மக்களுக்கு இலகுவாக்குங்கள், சிரமப்படுத்தாதீர்கள் என்பது அவருக்கும் உடன் சென்ற அபூமூஸா (ரலி) அவர்களுக்கும் சொன்ன அறிவுரை.

முறையிட்டவரையும் பாருங்கள். அவர் அதைக் கடைவீதியில் பேசிக்கொண்டிருக்கவில்லை. உஸ்தாதின் உஸ்தாதிடம் போனார். நம் ஊரில் இது டீக்கடையில் தொடங்கி, முத்தவல்லி வீட்டு வாசலில் முடிகிறது. உஸ்தாத் காதுக்குத்தான் கடைசியில் போகிறது.

எவ்வளவு ஊற்ற வேண்டும் என்கிற அளவு ஓர் இளைஞருக்கு எங்கே பழகுகிறது? கிதாபில் இல்லை. மதரஸாவின் கடைசி ஆண்டுகளில், இஷாவுக்குப் பிறகு நடக்கும் தக்ராரில்தான் பழகுகிறது.

மதரஸா பார்க்காத பெற்றோருக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மூத்த ஜும்ராவில் ஓதும் மாணவரின் நாள் ஃபஜ்ருக்கு முன்பே தொடங்குகிறது. சின்னப் பிள்ளைகளை எழுப்புவது அவர் வேலை. அவர்களில் யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டு நினைவில் அழுகிறான், யார் சாப்பாட்டுக்கு வரவில்லை என்பது உஸ்தாதுக்கு முன் அவருக்குத் தெரியும். ஸபக்கில் உட்கார்ந்தால் இபாரத் வாசிக்க வேண்டும். ஹரகத் இல்லாத அரபி வரியை உஸ்தாத் முன் சத்தமாகப் படிக்கிறபோது ஒரு எஃராப் தவறினால் ஜும்ரா முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அதனால் முந்திய இரவே முதாலஆ செய்திருக்க வேண்டும். வியாழன் இரவு பயான் பயிற்சி. சில வெள்ளிக்கிழமைகளில் அக்கம்பக்கக் கிராமப் பள்ளிவாசலுக்கு ஜும்ஆ பயானுக்கு அனுப்புவார்கள்.

தக்ரார் என்றால் திரும்பச் சொல்லுதல். பகலில் உஸ்தாத் நடத்திய பாடத்தை இரவில் ஒரு மாணவர், தம் தோழர்கள் நான்கைந்து பேருக்கு வட்டமாக உட்கார்ந்து மறுபடி நடத்துவார். சொல்பவருக்குப் புரியாத இடம் அங்கே உடனே வெளிப்பட்டுவிடும். உஸ்தாத் முன் கேட்கக் கூச்சப்பட்டவன் இங்கே கேட்பான். ஒருவனுக்கு ஒரே முறையில் விளங்கும். இன்னொருவனுக்கு மூன்று உதாரணம் வேண்டும். ஐந்தாவது நாள், யாருக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்பது சொல்பவருக்குத் தெரிந்துவிடும்.

இது புதிய ஏற்பாடு இல்லை. நைஸாப்பூர், பக்தாத் போன்ற நகரங்களின் பழைய மதரஸாக்களில் இதற்கென்றே 'முஈத்' என்று ஒரு பதவி இருந்தது. பாடத்தைத் திருப்பி நடத்துபவர் என்று பொருள். இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் முஈதாக இருந்த அல்கியா அல்ஹர்ராஸி (ரஹ்) பிறகு பக்தாத் நிஜாமியாவிலேயே பேராசிரியரானார். நம் நாட்டில் தேவ்பந்த் தாருல் உலூம் 1866இல் ஒரு பள்ளிவாசலில் தொடங்கியபோது முதல் உஸ்தாதின் பெயர் முல்லா மஹ்மூத், முதல் மாணவரின் பெயர் மஹ்மூத் ஹஸன். அந்த மாணவர் அங்கேயே ஓதி, அங்கேயே உஸ்தாதாகி, தலைமை உஸ்தாதாகவும் உயர்ந்தார். ஷைகுல் ஹிந்த் என்று உலகம் அறிந்தவர் அவர்தான். சோளிங்கர் வழியாக நாம் போய்வரும் வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தை நிறுவிய ஷம்சுல் உலமா ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் (ரஹ்) அவர்கள் 1919இல் வஃபாத்தானார்கள். அங்கே ஓதிய பாகவிகள் தமிழகத்திலும் கேரளத்திலும் எத்தனை ஊர்களில் ஓதிக் கொடுத்திருக்கிறார்கள்! குர்ஆன் முழுவதையும் தமிழில் மொழிபெயர்த்துத் தந்த ஆ.கா. அப்துல் ஹமீது ஹஜ்ரத்தும் ஒரு பாகவியே. பெரம்பூரின் ஜமாலி, லால்பேட்டையின் மன்பஈ, நீடூரின் மிஸ்பாஹி, உமராபாத்தின் உமரி என்று ஒவ்வொரு பட்டமும், இவர் யாரிடம் கடைசி வரை உட்கார்ந்தார் என்பதைச் சொல்கிற முகவரி.

கடைசி வரை உட்காராதவன் நான். ஐந்தாம் ஜும்ராவோடு நின்று கல்லூரிக்குப் போனேன். அதில் எனக்கு நன்மைகளும் கிடைத்தன, மறுக்கவில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் நம் மக்தப் உஸ்தாத் ஒரு வாரம் விடுப்பில் போனபோது, நானே ஓதிக் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த தஜ்வீத் அத்தனையும் முதல் நாளே சொல்லிவிட்டேன். இரண்டாம் நாள் சொல்ல எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கும் எதுவும் ஏறவில்லை. மூன்றாம் நாள் குரலை உயர்த்தினேன். நான்காம் நாள் பாதிப் பேர் வரவில்லை. கிதாபு எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்த இரண்டு ஆண்டுத் தக்ரார்தான் என்னிடம் இல்லை.

படிப்பைப் பாதியில் நிறுத்தச் சொல்லும் வறுமை பழைய காலத்திலும் இருந்தது. இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் வீட்டார், சம்பாதிக்க வேண்டும் என்று அவரைப் பாடத்திலிருந்து இழுத்துக்கொண்டார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அவர் வராததைக் கவனித்து, விசாரித்து, திர்ஹம்கள் நிறைந்த ஒரு பையைக் கொடுத்து, தீர்ந்தால் சொல் என்றார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்த மாணவர்தான் பின்னாளில் அப்பாசிய ஆட்சியின் தலைமை காஜியானார்.

அதே மாணவர் ஒரு கட்டத்தில், ஓதியது போதும் என்று தனி மஜ்லிஸ் வைத்து உட்கார்ந்துவிட்டார். இமாம் என்ன செய்தார்கள்? ஒரு மனிதரை ஒரு கேள்வியோடு அங்கே அனுப்பினார்கள். ஒருவர் வண்ணாரிடம் துணி கொடுத்தார். திரும்பக் கேட்டபோது, நீ எதுவும் தரவில்லை என்று அவர் மறுத்தார். பிறகொரு நாள் வேலையை முடித்துத் துணியைக் கொடுத்துவிட்டார். கூலி உண்டா? உண்டு என்றார் அபூயூஸுஃப். தவறு என்றார் வந்தவர். இல்லை என்றார், அதுவும் தவறு என்றார். அவர் எழுந்து நேரே உஸ்தாதிடம் போனார். மறுப்பதற்கு முன்பே வேலையைச் செய்திருந்தால் கூலி உண்டு, அது உரிமையாளருக்காகச் செய்தது. மறுத்த பிறகு செய்திருந்தால் இல்லை, அது தனக்காகச் செய்தது என்று இமாம் விளக்கினார்கள். ஒரு கேள்வியைப் பிரித்துப் பார்க்கத் தெரிவதற்கு இன்னும் சில காலம் உட்கார வேண்டியிருந்தது. மாணவரைக் கூட்டத்தில் அவமானப்படுத்தாமல் அதை உணர்த்திவிட்டார்கள்.

புதிய உஸ்தாதின் நிலைமைக்கு வருவோம். மதரஸாவிலேயே நியமிக்கப்பட்டால் அவருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அவருக்கு 23 வயது, கடைசி ஜும்ரா மாணவருக்கு 21. போன வருஷம் ஒரே சஹனில் சாப்பிட்டவர்கள். நேற்று வரை 'பாய்', இன்று 'ஹஜ்ரத்' என்று வாய் வர மறுக்கும். நான் ஓதிய காலத்தில் அப்படி ஒருவர் எங்களுக்கு உஸ்தாதாக வந்தார். நஹ்வுப் பாடத்தில் அவரைச் சோதிக்கவே இரண்டு பேர் ஒரு சிக்கலான கேள்வியைத் தயார் செய்து வந்து கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் கிதாபைப் பார்த்துவிட்டு, "எனக்கு இப்போது விளங்கவில்லை, பெரிய ஹஜ்ரத்திடம் கேட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்றார். மறுநாள் சொன்னார். அதன் பிறகு அவர் வருகிறபோது நாங்கள் தானாகவே எழுந்து நின்றோம். நூற்றுக்கணக்கான மைல் பயணம் செய்து வந்து கேட்டவர்களுக்கும் பல கேள்விகளில் தெரியாது என்றே பதில் சொன்னவர்கள் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள்.

மூத்த மாணவர்களுக்கு சூரத்துல் கஹ்ஃபில் ஒரு செய்தி இருக்கிறது. தவ்ராத் வழங்கப்பட்ட நபி மூஸா (அலை) அவர்கள், தமக்கு முன்பின் அறிமுகமில்லாத ஒருவரைத் தேடி நெடும்பயணம் போய், உமக்குக் கற்பிக்கப்பட்டதை எனக்குக் கற்றுத்தர உம்மோடு வரலாமா என்று அனுமதி கேட்டார்கள். தமக்குத் தெரிந்ததை எடுத்துக்காட்டி அவரைச் சோதிக்கவில்லை. வெள்ளிதோறும் ஓதுகிற சூராதான்.

நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. உருது பேசும் வீடுகளும் தமிழ் பேசும் வீடுகளும் கலந்த இடம் இது. சில பிள்ளைகளுக்குத் தெலுங்கும் வரும். தெற்கிலிருந்து வரும் புதிய உஸ்தாத் ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா என்கிறார். வீட்டில் அம்மி ஜபர், ஜேர், பேஷ் என்கிறார். பிள்ளை விழிக்கிறது. உஸ்தாதுக்கு ஓதிக் கொடுக்கத் தெரியவில்லை என்று பேச்சு வருகிறது. நடந்தது மொழிக் குழப்பம். இல்முக் குறை இல்லை.

சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதம் முடிந்து பத்து நாள் கழித்து, கேட்ட பிறகு கொடுக்கும் பழக்கத்தோடு நல்ல உஸ்தாதைத் தேடினால் கிடைக்கமாட்டார். இது டிரஸ்டுக்கும் சேர்த்துத்தான். 2009இல் தமிழக அரசு அமைத்த உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தில் மதரஸா ஆசிரியர்களும் உறுப்பினராகலாம். நம் உஸ்தாதுக்கான விண்ணப்பத்தை மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கொடுக்கும் வேலையை அலுவலகமே பார்த்துக்கொள்ளும்.

இந்த ஷவ்வாலில் மக்தபுக்குப் புதிய உஸ்தாத் வருகிறார். போன ஆண்டு ஸனது வாங்கியவர். அவருக்கு முதல் மாதம் காயிதா ஓதும் பிள்ளைகள் மட்டும். விடுமுறையில் இருக்கும் ஆறாம் ஜும்ரா மாணவர் ஒருவர், மதரஸா திறக்கும் வரை தினமும் அஸருக்குப் பிறகு அவரோடு உட்கார்ந்து, உருது பேசும் பிள்ளைகளுக்குப் பாடத்தைத் திருப்பிச் சொல்வார். குறைகள் இருந்தால் இமாம் ஹஜ்ரத்திடம் நேரில் சொல்லலாம். ஐந்து, ஆறாம் ஜும்ராவில் ஓதுவோரில் வீட்டுச் செலவுக்காகப் படிப்பை நிறுத்த எண்ணும் குடும்பங்கள், பெருநாளுக்கு அடுத்த ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வராந்தாவில் எங்களைச் சந்தியுங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். மாதம் எவ்வளவு துண்டு விழுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.