முத்திரையும் வித்வத்தும்

கேள்வி: ஹிந்தியில் பிராத்மிக் முதல் பிரவீண் வரை தேறிய என் மகளுக்கு, இணையத்தில் மின்முத்திரையும் படைப்புத் தொகுப்பும் அவசியந்தானா?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: 1918-இல் காந்தியடிகள் தோற்றுவித்ததும், திருச்சி தென்னூரில் கிளை கொண்டதுமான தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபை நடத்தும் இப்பரீட்சைகளின் சான்றிதழ், அவற்றில் தேறிய செய்தியை உரைக்குமேயன்றி, தேறியவர் எவ்விதம் பேசுவார், எழுதுவார் என்பதைக் காட்டாது. 2011-இல் மொஸில்லா அறக்கட்டளை முன்வைத்த மின்முத்திரையோ, வழங்கியவர், தேதி, தகுதிக்குரிய நிபந்தனை ஆகியவற்றைத் தன்னுள் தாங்கி, பார்ப்பவர் அக்கணமே சரிபார்க்க இடந்தருகிறது. ஆயினும், ஸ்ரீரங்கம் கோயிலின் தாயார் சந்நிதிக்கு எதிரே, கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றியதாக ஐதிகம் கூறும் மண்டபத்தை அறிந்த தங்களுக்கு, சபையோரை இணங்கச் செய்வது படைப்பே என்று நான் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே குமாரியின் உரையாடல் ஒலிப்பதிவொன்றும், சொந்த மொழிபெயர்ப்பொன்றும், திருத்தக் குறிகளோடு கூடிய கட்டுரைப் பிரதியொன்றும் தொகுப்பில் முதலில் இடம்பெறட்டும். முத்திரையை அதன்பின் சேர்த்துக்கொள்ளலாம்.