கட்டபொம்மன் ஏன் உப்பிப்போனார்?

கோவில்பட்டி வாசகர் ஒருவர் எழுதுகிறார்: "புதுசா 43 அங்குல டிவி வாங்கினோம். அப்பாவுக்காக யூடியூபில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ போட்டேன். அஞ்சு நிமிஷம் பார்த்தவர், ‘என்னலே, சிவாஜி இப்படி உப்பிக் கிடக்காரு’ன்னு எந்திரிச்சுப் போயிட்டார். கோளாறு டிவியிலா, படத்திலா?"

அப்பா கண்ணில் கோளாறு இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 1959-ல் பி.ஆர்.பந்துலு எடுத்த அந்தப் படத்தின் சட்டம், உயரம் 1 என்றால் அகலம் 1.37. ‘ராஜராஜ சோழன்’ 1973-ல் சினிமாஸ்கோப்பில் வரும்வரை தமிழ்ப்படம் என்றாலே ஏறக்குறைய இந்த அளவுதான். உங்கள் டிவியோ 16:9. இடத்தை நிரப்பப் படத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் எல்லோர் முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். இழுக்காமல் ‘ஜூம்’ போட்டு நிரப்பினால் உயரத்தில் கால் பங்கு காலி. தலைப்பாகை மேலே போகும், ஆடுகிறவர் பாதம் கீழே போகும்.

இதில் உங்களால் சரிசெய்ய முடிவது ஒன்றுதான். இழுத்த படத்தை மீட்கலாம்: ரிமோட்டில் ‘பிக்சர் சைஸ்’ போய் 4:3 வைத்துவிட்டு, திரையில் ஒரு வண்டிச் சக்கரத்தையோ நெற்றிப் பொட்டையோ பாருங்கள். முட்டையாக இருந்தது வட்டமாகிவிட்டால் வேலை முடிந்தது. இருபக்கமும் கறுப்புப் பட்டை விழும். காசு கொடுத்த திரை வீணாகிறதே என்று வீட்டில் முனகுவார்கள், விடுங்கள். சில டிவிகளில் யூடியூபுக்குள் இந்த வசதி வேலை செய்யாது. அப்போதும், படம் வெட்டப்பட்டிருந்தாலும், வேறு பதிவு தேடுவதைத் தவிர வழியில்லை. வெட்டியது வெட்டியதுதான்.

தேடும்போது ‘4கே’, ‘எச்டி’ என்ற பட்டத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பழைய விசிடியில் இருந்தது 352க்கு 288, அதாவது சுமார் 1 லட்சம் புள்ளி. டிவிடியில் 4 லட்சம், புளூரேயில் 20 லட்சம். விசிடியை ஊதிப் பெருக்கி ‘4கே’ என்று ஏற்றுகிறவர்கள் நிறைய. டைட்டில் எழுத்தின் ஓரத்தையும், தர்பாரில் பின்வரிசையில் நிற்பவர்களின் முகத்தையும் பாருங்கள். மாவாகக் குழைந்திருந்தால் அடுத்ததற்குப் போங்கள்.

செக் நாட்டுக்காரர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான். 1967-ல் வந்த ‘மார்கெட்டா லாசரோவா’வை 2011-ல் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் படங்களை வெளியிடும் லண்டனின் ‘செகண்ட் ரன்’ போன்ற நிறுவனங்கள் சட்ட அளவை அட்டையிலேயே அச்சடிக்கின்றன. நம் அட்டைகளில் கதாநாயகன் படம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.

நிறத்துக்கு வருவோம். கட்டபொம்மன் கேவாகலரில் படமாகி, லண்டனில் டெக்னிகலர் பிரதியானது. டெக்னிகலர் சாயம் லேசில் வெளுக்காது. அதற்குப் பிந்தைய ஈஸ்ட்மன்கலர் பிரதிகள் அப்படியில்லை. நீலப்பச்சை முதலில் போய், எல்லாம் ரோஸ் நிறமாகிவிடும். அந்த மாதிரிப் பதிவு கிடைத்தால் டிவியில் கலரை ஏற்றாதீர்கள், குறையுங்கள். ‘விவிட்’ வேண்டாம், ‘சினிமா’ வையுங்கள். ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ அணைந்திருக்கட்டும். அது பிலிமின் மணலையெல்லாம் துடைத்து, முகத்தை மெழுகுப் பொம்மையாக்கிவிடும்.

பாட்டு சற்று உச்சத்தில் கேட்டால் பயப்பட வேண்டாம். விநாடிக்கு 24 சட்டம் ஓடும் பிலிமை ‘பால்’ முறை டிவிடிக்காக 25 ஆக ஓட்டியிருப்பார்கள். மூன்று மணி நேரப் படத்தில் ஏழு நிமிடம் குறையும், ஒரு காட்சியும் போயிருக்காது. எங்கள் ஊரில் கொடைக்கு டெக் எடுத்து விடிய விடிய மூன்று படம் போட்ட காலத்தில், ‘சீனை வெட்டிட்டான்’ என்று கேசட் கொண்டுவந்தவரோடு நாங்கள் போட்ட சண்டையில் பாதி இதற்காகத்தான் இருந்திருக்கும்.

எல்லாம் சரிசெய்ததும் அப்பாவை உடனே கூப்பிடாதீர்கள். கயத்தாறு தூக்குக் காட்சிக்கு நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பக்கத்து ஊர்க் கதை, அந்த இடத்தில் அவர் கண் கூர்மையாக இருக்கும். முழு உருவமாக நிற்கிறவர்களுக்குத் தலைக்கு மேல் கொஞ்சம் வெளியும் காலுக்குக் கீழ் கொஞ்சம் மண்ணும் தெரிந்தால், கூப்பிடுங்கள்.