பிள்ளைகள் ஏன் நம் பேச்சைக் கேட்பதில்லை?



"எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறான்." ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும் தந்தையரும், மதரஸாவுக்குப் பிள்ளையை அழைத்து வரும் தாய்மாரும் அடிக்கடி சொல்லும் குறை இது. தொழ எழுப்பினால் எழுவதில்லை, படிக்கச் சொன்னால் போனை எடுக்கிறான், அதட்டினால் எதிர்த்துப் பேசுகிறான் என்று பட்டியல் நீளும்.

பிள்ளை கேட்காமல் போவதெல்லாம் பெற்றோரின் குற்றம் ஆகிவிடாது. பெருவெள்ளத்தின் நடுவே நபி நூஹ் (அலை) அவர்கள் மகனைப் பாசத்தோடு கப்பலுக்கு அழைத்தார்கள். மலை தன்னைக் காப்பாற்றும் என்று அவன் போய்விட்டான். ஹூத் அத்தியாயத்தில் வரும் இந்த வரலாறு மனம் உடைந்த எத்தனையோ பெற்றோருக்கு ஆறுதல். நேர்வழி கொடுப்பவன் அல்லாஹ் மட்டுமே. ஆனாலும் நம் சொல்லுக்கு மதிப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. அந்த மதிப்பு வீட்டில் எங்கே குறைகிறது என்று பார்ப்போம்.

சொன்னதைச் செய்யாத போது

"அழாதே, சாயங்காலம் கடைக்குக் கூட்டிப் போறேன்" என்கிறோம். சாயங்காலம் மறந்துவிடுகிறோம். "இன்னொரு தடவை செய்தால் போனை உடைத்துவிடுவேன்" என்கிறோம். பத்துத் தடவை செய்தும் போன் உடைவதில்லை. கடன் கொடுத்தவர் வாசலுக்கு வந்தால் "அத்தா வீட்டில் இல்லை என்று சொல்" என்று பிள்ளையையே அனுப்புகிறோம். நம் வாக்குறுதியும் மிரட்டலும் வெறும் வார்த்தை என்பதைப் பிள்ளை இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. பிறகு நாம் உண்மையாகவே சொல்லும்போதும் அது காதில் ஏறுவதில்லை.

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறு பிள்ளையாக இருந்தபோது, இங்கே வா, ஒன்று தருகிறேன் என்று அவருடைய தாயார் அழைத்தார். அப்போது அந்த வீட்டில் இருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நினைத்தாய் என்று கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். எதுவும் கொடுக்காமல் விட்டிருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அபூதாவூதில் பதிவான இந்தச் செய்தி, குழந்தையிடம் சொல்வதும் வாக்குதான் என்று நமக்கு உணர்த்துகிறது.

பேச்சு அதிகமாகும் போது

காலையில் ஒரு பிள்ளையிடம் நாம் பேசுவதைக் கவனித்துப் பாருங்கள். எழுந்திரு, பல் தேய், சீக்கிரம் சாப்பிடு, நேற்று ஏன் படிக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பையனைப் பார். ஒரே மூச்சில் ஐந்து ஏவல்கள் வந்தால் ஒன்றும் பதியாது.

நபி (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த உமர் இப்னு அபீ ஸலமா (ரலி), சாப்பிடும்போது தட்டில் அங்கும் இங்கும் கையை விடுவார். அவரிடம் நபியவர்கள் சொன்னவை மூன்று: அல்லாஹ்வின் பெயர் சொல்வது, வலது கையால் உண்பது, தன் பக்கத்தில் இருப்பதிலிருந்து எடுப்பது. பழைய தவறுகளை இழுக்கவில்லை, அதட்டவும் இல்லை. அன்று முதல் அவர் உண்ணும் முறை அதுவாகவே ஆகிவிட்டது என்று அவரே பிற்காலத்தில் சொன்னது புகாரியில் இருக்கிறது.

அவமானப்படுத்தும் போது

லுக்மான் (அலை) அவர்கள் மகனுக்குச் சொன்ன உபதேசத்தைக் குர்ஆனின் 31-வது அத்தியாயம் எடுத்துச் சொல்கிறது. அதில் மூன்று இடங்களில் அவர் "யா புனய்ய" என்று அழைக்கிறார். என் செல்ல மகனே என்பது போன்ற பாசமான விளி அது. இணை வைப்பதைத் தடுக்கும் கடுமையான விஷயத்தைக்கூட அந்த விளியோடுதான் தொடங்குகிறார். நாமோ உறவினர் முன்னால் "இது எதுக்கும் லாயக்கில்லை" என்று சொல்லிவிட்டு, அதே பிள்ளை நம் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். குறிப்பாகப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல் நாலு பேர் முன்னால் பட்ட அவமானம் எளிதில் ஆறாது.

நாம் காது கொடுக்காத போது

நபி இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு மகனை அறுக்கும்படி கனவில் காட்டப்பட்டது. நபிமார்களின் கனவு வஹீ. அப்படி இருந்தும் மகனிடம் அதைச் சொல்லி, உன் கருத்து என்ன என்று கேட்டார்கள். நாம் பள்ளியில் எந்தப் பாடம் எடுப்பது என்பதைக்கூடப் பிள்ளையிடம் கேட்பதில்லை.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் தந்தையர் இதைச் சற்று யோசிக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருகிறவரின் போன் பேச்சு முழுவதும் "தொழுதாயா, எத்தனை மார்க், அம்மாவை ஏன் எதிர்த்துப் பேசினாய்" என்று விசாரணையாகவே இருந்தால், பிள்ளை போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நழுவிவிடும். விசாரிக்கும் முன் இன்று என்ன விளையாடினாய் என்று கேட்டுப் பாருங்கள்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. வாய் திறந்தாலே திட்டு விழும் என்று பயப்படும் பிள்ளை எதையும் சொல்லாத பிள்ளையாகிவிடும். தெருமுனையில் யாரோ போதைப்பொருள் நீட்டினாலும், யாரோ தவறாகத் தொட்டாலும், போனில் யாரோ மிரட்டினாலும் வீட்டில் சொல்லாது. கேட்காத பிள்ளையைத் திருத்திவிடலாம். சொல்லாத பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்றே நமக்குத் தெரியாது.

உடம்பும் காரணமாகலாம்

சளி பிடித்த பின் செவிப்பறைக்கு உள்ளே நீர் தேங்குவது சிறு பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுகிறது. அப்போது கேட்கும் திறன் குறையும். கூப்பிட்டால் திரும்பாத, டிவி சத்தத்தை ஏற்றி வைக்கும் பிள்ளையை அடிக்கும் முன் அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். ஓரிடத்தில் உட்காரவே முடியாமல், வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மாதிரி கவனம் சிதறும் பிள்ளைக்கும் மருத்துவ ஆலோசனை தேவைப்படலாம்.

பருவ வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு ஒரு மணி வரை போன் பார்த்த பையனை பஜ்ருக்கு எழுப்புவது பெரும் போராட்டம்தான். இஷாவுக்குப் பிறகு வீண் பேச்சை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. அந்தச் சுன்னத்தைப் பெரியவர்களும் சேர்ந்து பின்பற்றினால் பஜ்ர் எளிதாகும்.

பொறுமையின் கணக்கு

பிள்ளைகளுக்கு ஏழு வயதில் தொழுகையை ஏவி, பத்து வயதில் கண்டிக்கச் சொல்லும் ஹதீஸை எல்லோரும் அறிவோம். பலருக்கு நினைவில் நிற்பது கண்டிப்பு மட்டும்தான். இடையில் மூன்று வருடங்கள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஐந்து வேளை என்றால் ஐயாயிரம் வேளைகளுக்கும் மேல் பாசத்தோடு அழைத்துப் பழக்கிய பிறகே கண்டிப்பு. அந்த மூன்று வருடத்தை விட்டுவிட்டுப் பத்து வயதில் பிரம்பு எடுப்பது அந்த ஹதீஸின் வழி அல்ல. கண்டிப்பும் காயப்படுத்தாமல், முகத்தைத் தொடாமல் இருக்க வேண்டும் என்று மார்க்க அறிஞர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இந்த வாரம் தொடங்குவோம்

1. செய்ய முடியாததை வாக்களிக்க வேண்டாம். செய்யப் போவதில்லை என்றால் மிரட்டவும் வேண்டாம்.

2. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். அடுத்த அறையிலிருந்து கத்தாமல், அருகில் போய்ப் பெயர் சொல்லி அழைத்துச் சொல்லுங்கள்.

3. தவறைத் தனியாக அழைத்துத் திருத்துங்கள். நல்லதை நாலு பேர் முன்னால் பாராட்டுங்கள்.

4. அத்தா மறுத்ததை அம்மாவோ பாட்டியோ ரகசியமாகக் கொடுக்க வேண்டாம். கருத்து வேறுபாடு இருந்தால் பிள்ளை இல்லாத போது பேசி முடிவெடுங்கள்.

5. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் இருபது நிமிடம் எல்லோர் போனையும் எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளை பேசுவதைக் கேளுங்கள். அந்த இருபது நிமிடத்தில் அறிவுரை வேண்டாம்.

ஒரே வாரத்தில் மாற்றம் தெரியாமல் போகலாம். பல வருடங்களாகக் குறைந்த மதிப்பு மெல்லத்தான் திரும்பும். முயற்சியோடு துஆவையும் சேர்த்துக்கொள்வோம். எங்கள் மனைவி மக்களைக் கண்குளிர்ச்சியாக ஆக்கித் தா என்று கேட்க அல்லாஹ்வே குர்ஆனில் கற்றுத் தந்திருக்கிறான். அவ்வாறே நம் பிள்ளைகளை ஆக்கி, அவர்களுக்கு நல்ல பெற்றோராக நம்மையும் ஆக்குவானாக. ஆமீன்.