சிறுபடகில் தூண்டிற்கோல்கள்



விடுமுறை நாள்களில் தோட்டத்து மக்கள் பலர் மீன்பிடிக்கச் செல்வதுண்டு. கரையில் நின்று தூண்டில் போடுவதும் படகில் அமர்ந்து போடுவதும் ஒன்றல்ல. கரையில் கோலை எங்கும் சாய்த்து வைக்கலாம். பன்னிரண்டு அடிச் சம்பானில் மூவர் அமர்ந்தபின் கால் நீட்டவும் இடமிராது. அங்கே தாறுமாறாய்க் கிடக்கும் கோல் ஒருவர் காலை இடறினால், அவர் சாயும் பக்கமே படகும் சாயும். ஆகவே, எத்தனை கோல், எத்தகைய கோல், எவ்வாறு அடுக்குவது என்பவற்றைக் கரையிலேயே முடிவு செய்தல் வேண்டும்.

பேராக் மாநிலத்துச் செண்டரோ ஏரியை எடுத்துக்கொள்வோம். பேராக் ஆற்றின் குறுக்கே 1930ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மின்உற்பத்தி அணையால் உருவான ஏரி அது. நீர்ப்பூண்டுகள் அடர்ந்த இடங்களில் விரால் இனத்தைச் சேர்ந்த தோமான் பதுங்கும். இரையைக் கவ்வியதும் பூண்டுக்குள் பாயும் அம்மீனை இழுத்து நிறுத்த விறைப்பான கோலும் தடித்த நரம்பும் தேவை. அடிநீரில் மேயும் பாவுங் என்னும் கெளுத்திக்கு, ஈயக்குண்டைத் தாங்கும் நடுத்தரக் கோல் போதும். அதன் நுனி மென்மையாக இருப்பின் மீன் தொட்டதை உடனே காட்டும். தக்கை கட்டி லம்பாம் பிடிப்போர்க்கு மெல்லிய கோலே ஏற்றது. இவை அனைத்தையும் ஒருவரே சுமந்து செல்ல வேண்டியதில்லை. அன்று நாடும் மீனுக்கு ஒன்று, மாற்றுக்கு ஒன்று, அவ்வளவே. ஐந்தாறு கோல்களை வாங்கிக் குவிப்பது படகுக்கும் பாரம், குடும்பத்துக்கும் பாரம் என்பேன்.

நீளம் ஆறு முதல் ஏழு அடி இருக்கலாம். பத்தடிக் கோலைப் படகிலிருந்து வீசினால் பின்னிருப்பவர் முகத்தருகே முள் சுழலும். கண்ணாடி இழைக் கோல் சற்றுக் கனமெனினும் எளிதில் முறியாது. கார்பன் கோல் இலேசானது. ஆயினும் அடிபட்டால் நொறுங்கும், மின்சாரத்தையும் கடத்தும். உயர் அழுத்த மின்கம்பிகளின் கீழ்ச் செல்லும்போது எக்கோலையும் உயர்த்துதல் ஆகாது. இடிமுழக்கம் கேட்டவுடன் கோல்களைக் கிடத்திவிட்டுக் கரை திரும்ப வேண்டும். "இப்போதுதான் மீன் கடிக்கும்" என்று தாமதிப்போரும் உளர். அவர்களோடு பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

படகு ஓடும்போது கோல்கள் பக்கப்பலகையை ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். நுனிகள் யாவும் ஒரே திசையில் இருக்கட்டும். பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாக நறுக்கி இரண்டிடங்களில் கட்டினால் போதும். மீன்பிடிக்கும்போது நிறுத்தி வைக்க, ஓரடி நீளமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகளைப் பக்கப்பலகையில் பொருத்தலாம். இதற்கெனக் கடையில் விற்கும் தாங்கிகளைவிட இது மலிவு.

முள்ளைக் குறித்துத் தனியே சொல்ல வேண்டும். பயன்படாத கோலில் முள் தொங்கக் கூடாது. அடித்தண்டருகே உள்ள வளையத்தில் மாட்டி, நரம்பை இறுக்கி, முனையில் ரப்பர்த் துண்டொன்றைச் செருகுக. கண்ணிலோ கண்ணருகிலோ முள் தைத்துவிட்டால் பிடுங்க முயலாதீர்கள். நரம்பை மட்டும் வெட்டி, முள்ளை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பாதுகாப்பு அங்கி அணிந்து எல்லாரும் அமர்ந்தபின், கரையில் நிற்பவர் கோல்களை ஒவ்வொன்றாக, அடித்தண்டு முன்னே வருமாறு நீட்டட்டும். திரும்பும்போது சிறுவர்கள் முதலில் இறங்கட்டும். கோல்கள் அதன்பின் கைமாறலாம்.